வாழிடப் பாதுகாப்புத் திட்டத்துக்கு எந்த வரைபடம்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

ஒரு மாவட்டம் அளவுக்கோ ஓர் ஆற்றுப்படுகை அளவுக்கோ வாழிடப் பாதுகாப்புத் திட்டம் (கட்டட வளர்ச்சிக்கு இடம் கொடுத்து, அழிவாபத்தில் இருக்கும் உயிரினங்களின் வாழிடத்துக்கு ஈடு செய்யும் திட்டம்) எழுத உட்காரும் குழுக்கள், எங்கே காடு, எங்கே புதர், எங்கே வயல் என்று காட்டும் நிலப்போர்வை வரைபடத்தைப் பற்றி அடிக்கடி கேட்பது இது: "10 மீட்டர் நிலப்போர்வை வரைபடம் உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கிறதே, நாங்கள் ஏன் புதிதாக ஒன்று செய்ய வேண்டும்?" வேறு சில குழுக்களின் கவலை நேர் எதிரானது: "வான்படத்தைப் பார்த்து ஒவ்வொரு புதர்த் திட்டையும் கையால் வரைய வேண்டும், பல ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். அதுவரை திட்டத்தை நிறுத்தி வைப்பதா?"

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் தெளிவைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். எந்தெந்த வாழிடங்கள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், எந்தத் தவறு நடந்தால் திட்டமே கெடும் என்ற இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டு அதன் பிறகு தேடுபவர்களுக்குச் செலவும் குறைகிறது, சண்டையும் குறைகிறது.

எடுத்துக்காட்டுகளை அதிகமும் கலிஃபோர்னியாவிலிருந்து எடுக்கிறேன். 1982-இல் அமெரிக்காவின் அழிவாபத்து உயிரினச் சட்டத்தில் செய்த திருத்தம் வாழிடப் பாதுகாப்புத் திட்டம் என்ற ஏற்பாட்டுக்கு வழி திறந்தது. 1991-இல் கலிஃபோர்னியா மாநிலம், ஒரே உயிரினத்தைப் பார்க்காமல் இயற்கைச் சமூகம் முழுவதையும் சேர்த்துத் திட்டமிடும் சட்டத்தை இயற்றியது. அப்போதிலிருந்து வட்டார அளவுத் திட்டங்கள் அங்கே நடந்துவருவதால், வரைபடம் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதைப் பார்க்க அது நல்ல இடம். முறைகள் எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

வகைப்பட்டியல். இதுதான் முதல் கேள்வி. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். கலிஃபோர்னியா நேட்கேச்சர் என்ற சின்னஞ்சிறு பறவை 1993-இல் ஆபத்துக்குள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. அது வாழ்வது கடலோர சேஜ் புதர்நிலத்தில்: மெல்லிய இலை, தாழ்ந்த செடிகள், வறண்ட காலத்தில் இலை உதிர்க்கும். பக்கத்துச் சரிவிலேயே சாப்பரல் இருக்கும்: தடித்த இலை, எப்போதும் பசுமை, அடர்த்தி அதிகம். பறவைக்கு இரண்டும் ஒன்றில்லை. உலக அளவு வரைபடத்தில் இரண்டும் "புதர்நிலம்" என்ற ஒரே நிறம். அந்த வரைபடத்தின் துல்லியம் நூற்றுக்கு நூறாகவே இருந்தாலும் இந்தப் பறவையின் திட்டத்துக்கு அதனால் பயன் குறைவு.

விளைநிலத்திலும் இதே கதைதான். ஸ்வெய்ன்சன் பருந்து கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் அல்ஃபால்ஃபா வயல்களில் இரை தேடுகிறது. பழத்தோட்டமும் திராட்சைத் தோட்டமும் அதற்கு உதவாது. அதே பள்ளத்தாக்கில் ராட்சதக் கார்ட்டர் பாம்புக்கு நெல்வயலும் அதன் வாய்க்காலும்தான் பெரும் புகலிடம். "பயிர்நிலம்" என்று ஒரே வகையாக அடைத்துவிட்டால் பருந்து, பாம்பு இரண்டுமே கணக்கில் வராது.

மிகச் சிறிய திட்டு. வரைபடத்தில் தனியாகக் காட்டப்படும் ஆகச் சிறிய பரப்பு எவ்வளவு? ஐரோப்பாவின் கொரின் நிலப்போர்வை வரைபடத்தில் அது 25 ஹெக்டேர். கண்டம் அளவுக் கொள்கைக்கு அது சரி, ஒரு குளத்தைக் காப்பாற்ற உதவாது. ஒரு பிக்சல் (படத்தின் ஆகச் சிறிய சதுரம்) 10 மீட்டர் என்றால் பரப்பு 100 சதுர மீட்டர். 30 மீட்டர் என்றால் 900 சதுர மீட்டர். ஆனால் 10 மீட்டர் படத்தில் 10 மீட்டர் பொருள் தெரியும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. 15 மீட்டர் அகலமுள்ள ஓர் ஆற்றோர மரவரிசை பெரும்பாலும் கலப்புப் பிக்சல்களாகவே விழும்: பாதி மரம், பாதி வயல். மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் சிறு பள்ளங்களில் சில, ஒரு பிக்சலுக்குள்ளேயே அடங்கிவிடும்.

அரிய வகையின் துல்லியம். ஒட்டுமொத்தத் துல்லியம் என்ற ஒற்றை எண்ணை நம்பிப் போனால் எங்கே மாட்டுவோம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. திட்டப் பரப்பு 1,00,000 ஹெக்டேர். அதில் சதுப்புநிலம் 1,000 ஹெக்டேர். உண்மையான சதுப்பு முழுவதையும் வரைபடம் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதி 99,000 ஹெக்டேரில் வெறும் 2 சதவீதத்தைத் தவறாகச் சதுப்பு என்று போட்டுவிட்டது. அது 1,980 ஹெக்டேர். ஒட்டுமொத்தத் துல்லியம் 98 சதவீதம், அறிக்கையில் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் வரைபடம் காட்டும் சதுப்பு 2,980 ஹெக்டேர். அதில் மூன்றில் ஒரு பங்குதான் உண்மை. இந்த வரைபடத்தை நம்பி நிலம் வாங்கினால், மூன்று முறை போனால் இரண்டு முறை காய்ந்த நிலத்தில் போய் நிற்போம். ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக இரண்டு எண் கேளுங்கள்: உண்மையில் இருப்பதில் எவ்வளவைப் பிடித்தது, பிடித்ததாகச் சொல்வதில் எவ்வளவு உண்மை.

மறுபடி செய்ய முடியுமா. இத்தகைய திட்டங்களின் ஆயுள் நீளம். 2004-இல் அனுமதி பெற்ற கலிஃபோர்னியாவின் வெஸ்டர்ன் ரிவர்சைடு கவுண்டித் (மாவட்டம் போன்ற பிரிவு) திட்டம் 146 உயிரினங்களுக்காகச் சுமார் 5,00,000 ஏக்கர் காப்பு நிலத்தைக் குறிவைக்கிறது. அனுமதிக் காலம் 75 ஆண்டுகள். இன்று வரைபடம் போட்டவர்கள் யாரும் அப்போது பணியில் இருக்க மாட்டார்கள். முறை எழுத்தில் இருந்தால்தான் அடுத்தவர் தொடர முடியும்.

எதிர்ப்பைத் தாங்குமா. நிலப்போர்வை வகையைப் பொறுத்து, கட்டடம் கட்டுபவர் செலுத்தும் கட்டணமோ இழப்புக்கு ஈடாகத் தரும் நிலத்தின் அளவோ மாறும்போது, "என் நிலத்தில் அந்தப் புதரே இல்லை" என்று ஒருவர் வருவார். அவரிடம் எதைக் காட்டுவது?

கடைசியாகச் செலவு. விலைப்புள்ளியில் இருக்கும் எண்ணோடு சரிபார்ப்பு, திருத்தம், பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

## வழி 1: ஆயத்த வரைபடம்

ஐரோப்பிய விண்வெளி முகமையின் வேர்ல்டுகவர் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கு 10 மீட்டரில், 11 வகைகளில் கிடைக்கிறது. எஸ்ரி என்ற வரைபட மென்பொருள் நிறுவனம் வெளியிடும் வரைபடம் 2017-இலிருந்து ஆண்டுக்கு ஒன்று. கூகுளும் உலக வள நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய டைனமிக் வேர்ல்டு, ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் ஒன்று வரும்போதெல்லாம் ஒவ்வொரு பிக்சலுக்கும் 9 வகைகளின் நிகழ்தகவைத் தருகிறது. அந்த நிகழ்தகவைப் பலரும் எடுத்துப் பார்ப்பதே இல்லை. முதல் வகையை மட்டும் இறக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். எங்கே அல்காரிதமே தடுமாறுகிறது என்று காட்டும் அந்த அடுக்குதான், களப்பணிக்கு எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லும் இலவச வழிகாட்டி.

குறை எங்கே? வகைகள் நம்முடையவை அல்ல. வேர்ல்டுகவரின் "மரப்போர்வை" வகையில் எண்ணெய்ப்பனை, ஆலிவ் உள்ளிட்ட தோட்டங்களும் அடக்கம். அவர்களே விளக்கத்தில் சொல்லிவிடுகிறார்கள். இயற்கைக் காட்டையும் தைல மரத் தோட்டத்தையும் ஒரே பச்சையில் வைத்து வாழிட இணைப்புப் பாதை வரைந்தால், விலங்கு போகாத இடத்தில் பாதை போகும். எஸ்ரியின் இன்றைய பட்டியலில் புல்லும் புதரும் சேர்ந்து மேய்ச்சல்வெளி என்ற ஒரே வகை. புல்வெளிப் பறவைக்குத் திட்டம் போடுகிறவர் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டியதுதான். வேர்ல்டுகவர் 2021-இன் ஒட்டுமொத்தத் துல்லியம் உலக அளவில் 76.7 சதவீதம். உங்கள் வட்டாரத்தில் அது 90 ஆகவும் இருக்கலாம், 60 ஆகவும் இருக்கலாம். சரிபார்க்காமல் தெரியாது.

மறைசெலவு இதுதான்: வரைபடம் இலவசம், சரிபார்ப்பு இலவசம் இல்லை. இன்னொரு பொறியும் உண்டு. வேர்ல்டுகவர் 2020-ஐயும் 2021-ஐயும் கழித்துப் பார்த்து "ஓர் ஆண்டில் இவ்வளவு காடு போயிற்று" என்று எழுதுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு அல்காரிதப் பதிப்புகளில் செய்தவை. வித்தியாசத்தில் ஒரு பகுதி நிலத்தில் நடந்தது, மீதி கணினியில் நடந்தது.

இவற்றோடு, குறிப்பிட்ட நோக்கத்துக்கான ஆயத்த வரைபடங்களை மறந்துவிடக் கூடாது. அமெரிக்க வேளாண் துறை ஆண்டுதோறும் வெளியிடும் பயிர் வரைபடம் அல்ஃபால்ஃபாவையும் பாதாம் தோட்டத்தையும் நெல்லையும் தனித்தனியாகவே காட்டுகிறது. மேலே சொன்ன பருந்துக்கு அதுவே பாதிப் பதில். உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று தேடிய பிறகு மற்ற வழிகளுக்குப் போங்கள்.

ஆயத்த வரைபடம் ஏற்ற இடம்: திட்டத்தின் தொடக்க நிலை, எல்லை வரைதல், பெரிய நிலங்களுக்கு இடையே முன்னுரிமை பார்த்தல், கட்டடப் பெருக்கத்தைக் கண்காணித்தல். கட்டடம், நீர், அடர்ந்த காடு ஆகிய மூன்றும் இவற்றில் ஓரளவு நன்றாகவே வருகின்றன. புதர், புல், சதுப்பு மூன்றும்தான் சொதப்பும். பாதுகாப்புத் திட்டங்களுக்கு அதிகம் தேவைப்படுபவையும் அந்த மூன்றுதான் என்பது நம் தலையெழுத்து.

## வழி 2: இலவசச் செயற்கைக்கோள் படம், சொந்த வகைப்பாடு

சென்டினல்-2 செயற்கைக்கோள் இணை 2017-இலிருந்து 5 நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் பார்க்கிறது. 13 அலைவரிசைகள், அவற்றில் நான்கு 10 மீட்டரில். அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் தொடர் 1972-இல் தொடங்கியது. 30 மீட்டர் படங்கள் 1980-களின் தொடக்கத்திலிருந்து உண்டு. 2008-இலிருந்து எல்லாம் இலவசம். இந்தக் காலத்தொடர்தான் இந்த வழியின் பலம். ஒரே நாள் படத்தில் கடலோர சேஜும் சாப்பரலும் ஒன்றுபோலத் தெரியலாம். ஆண்டு முழுவதும் பார்த்தால் ஒன்று கோடையில் பழுப்பாகிறது, மற்றொன்று பச்சையாகவே நிற்கிறது. இலையுதிர் காடும் பசுமைக்காடும், ஒருபோகப் பயிரும் இயற்கைப் புல்லும் பிரிவது பல இடங்களில் இப்படித்தான். மேகம் விடாத வட்டாரமானால் ரேடார் படங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அவை மேகத்தை ஊடுருவும்.

வகைப்பட்டியல் உங்கள் கையில் இருக்கிறது. எழுதிய நிரலை அடுத்த ஆண்டும் ஓட்டலாம். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் பயிற்சி மாதிரியில், அதாவது எது எந்த வகை என்று அல்காரிதத்துக்குக் காட்டிப் பழக்கும் இடங்களில், தொடங்குகிறது.

தாவரவியலாளர்கள் ஏற்கெனவே எடுத்துவைத்த மாதிரிப் பரப்புகளை அப்படியே அல்காரிதத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அவற்றில் பல, பிக்சலை மனத்தில் வைத்து எடுத்தவை அல்ல: சிறிய சதுரங்கள், திட்டின் ஓரத்தில் இருப்பவை, ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிப் போனால் பக்கத்து வகைக்குள் விழுபவை. ஒவ்வொன்றையும் படத்தின் மேல் வைத்துப் பார்த்துக் கழிக்க வேண்டும். இந்த வேலைக்கு யாரும் நாள் ஒதுக்குவதில்லை.

அப்புறம், பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே திட்டிலிருந்து புள்ளிகளை எடுப்பது. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு பிக்சல்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒன்றைக் காட்டிப் பழக்கிவிட்டு இன்னொன்றை வைத்துச் சோதித்தால் அல்காரிதம் தேறத்தான் செய்யும். அறிக்கையில் 95 சதவீதம், களத்தில் வேறு எண். சோதனைப் புள்ளிகள் தனியாக, தற்செயல் முறையில், முடிந்தால் வேறு ஆளால் எடுக்கப்பட வேண்டும். பழைய வரைபடத்தையே பயிற்சி மாதிரியாக ஊட்டுவது இதைவிட மோசம்; பழைய பிழைகள் புதிய நிறத்தில் திரும்பி வரும்.

2025-இல் கூகுள் டீப்மைண்ட் ஆல்ஃபாஎர்த் என்ற செயற்கை நுண்ணறிவு மாடலை வெளியிட்டது. ஒவ்வொரு 10 மீட்டர் பிக்சலுக்கும் ஆண்டுக்கு 64 எண்களாக, பல செயற்கைக்கோள்களின் ஓராண்டுத் தகவல் சுருக்கித் தரப்படுகிறது. மேகம் நீக்குவது, காலத்தொடரைச் சீராக்குவது போன்ற முன்வேலை பெருமளவு மிச்சமாகும்; குறைந்த மாதிரிகளை வைத்தே தொடங்கவும் முடியும். வரவேற்கத்தக்கது. ஆனாலும் எந்த வகைகள் தேவை என்று அது சொல்லாது. அந்த மாதிரிகளை எடுக்கக் காட்டுக்குள் போகவும் போகாது.

மறைசெலவுகள்: படமும் மென்பொருளும் இலவசமாகவே கிடைக்கலாம், ஆனால் தொலையுணர்வு (மேலிருந்து எடுத்த படங்களை வைத்து நிலத்தை அறியும் துறை), தாவரம் இரண்டும் தெரிந்த ஆள் அரிது. கூகுள் எர்த் எஞ்சின் ஆய்வுக்கும் லாபநோக்கமற்ற பணிக்கும் இலவசம். வணிகப் பயன்பாடு என்றால் கட்டணம். வரைபடத்தில் உப்பு மிளகு தூவியதுபோல் ஒற்றைப் பிக்சல்கள் சிதறிக் கிடக்கும். அவற்றை வடிகட்டும்போது உண்மையான சிறு குளங்களும் சேர்ந்து போய்விடும்.

ஏற்ற இடம்: 10 முதல் 20 வகைகள் போதும், பரப்பு பெரியது, மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், உள்ளேயே ஒரு ஜிஐஎஸ் (கணினி வரைபட) குழு இருக்கிறது.

## வழி 3: வான்படம், கண், கால்

பழைய வழி. முதலில் களக்குழு வட்டாரம் முழுவதும் மாதிரிப் பரப்புகளை எடுக்கிறது: எந்தச் செடி, எத்தனை சதவீதப் பரப்பு, எவ்வளவு உயரம், எந்தச் சரிவு. அந்தத் தரவைத் தொகுத்து வட்டாரத்துக்கான தாவரச் சமூகப் பட்டியலும் அவற்றை அடையாளம் காணும் திறவுகோலும் செய்கிறார்கள். பிறகு, ஒரு மீட்டருக்கும் குறைவான பிக்சல் உள்ள வான்படத்தின் மேல் பயிற்சி பெற்ற ஒருவர் ஒவ்வொரு திட்டையும் வரைந்து பெயரிடுகிறார். சந்தேகமான இடங்களுக்குத் திரும்பப் போகிறார்கள். கடைசியில் தனிக்குழு ஒன்று துல்லியம் பார்க்கிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் தாவர வரைபடத் திட்டம் இந்த மரபில்தான் வளர்ந்தது. அதன் இலக்கு, வகைக்கு 80 சதவீதத் துல்லியமும் அரை ஹெக்டேர் சிறுதிட்டும்.

கிடைப்பது நிறம் மட்டுமில்லை. வரைந்த ஒவ்வொரு திட்டுக்கும் மரப்போர்வைச் சதவீதம், அயல் புற்களின் ஆக்கிரமிப்பு, சாலை, மேய்ச்சல் சேதம் என்று பல பத்திகள் நிரம்பும். இயற்கைச் சமூகத்தின் நிலை என்ன என்று கேட்கும் திட்டத்துக்கு அந்தப் பத்திகளே உயிர். நிலஉரிமையாளர் எதிர்த்தால் காட்டுவதற்கும் மாதிரிப் பரப்பின் தாள் இருக்கிறது.

இதன் விலை நேரம். துல்லியச் சோதனைக்கு வகைக்குக் குறைந்தது 50 புள்ளி என்பது தொலையுணர்வில் நெடுநாளாகச் சொல்லப்படும் கைக்கணக்கு. 40 வகை என்றால் 2,000 புள்ளி. ஒரு குழு நாளுக்குப் பத்து இடம் முடித்தால்கூட அது 200 குழு நாட்கள், அதுவும் பூக்கும் பருவத்துக்குள். அரிய வகைகளில் 50 திட்டுகளே இருக்காது. அங்கே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தனியார் நிலத்துக்குள் போக அனுமதி கேட்டுக் கடிதம் எழுதுவதும், பதில் வராமல் வேலிக்கு வெளியே நின்று பைனாக்குலரில் பார்ப்பதும் செலவுக் கணக்கில் வராத உழைப்பு. அனுமதி தந்தவர்களின் நிலத்தில் மட்டும் மாதிரி எடுத்தால் பட்டியலே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு பேர் வரைந்தால் இரண்டு மாதிரி எல்லை வரும். புதர் எங்கே முடிந்து புல் எங்கே தொடங்குகிறது என்பது இயற்கையிலேயே கோடு போட்டு வைத்த விஷயம் இல்லை. வரைந்து முடிப்பதற்குள் ஒரு பெரிய தீ வந்தால் வரைபடத்தின் ஒரு மூலை வெளியாகும் நாளிலேயே பழசு.

அடுத்த பதிப்பைத் தனியாகப் போட்டுப் பழையதோடு ஒப்பிடவும் முடியாது. கோடு நகர்ந்தது நிலத்தாலா, வரைந்தவர் கையாலா என்று சொல்ல ஆளிருக்காது. பழைய கோடுகளை அப்படியே திறந்து, உண்மையில் மாறிய இடத்தை மட்டும் திருத்துவதுதான் ஒப்பிடத்தக்க ஒரே முறை.

ஏற்ற இடம்: பரப்பு சிறியது, வகைகள் நுட்பமானவை, வரைபடத்தின் மேல் சட்டப்பொறுப்பு ஏறுகிறது. அந்த வட்டாரத்தின் தாவரச் சமூகங்களை இதுவரை யாரும் விவரித்ததே இல்லை என்றால், இந்த வழியின் முதல் பாதியை, அதாவது மாதிரிப் பரப்பையும் பட்டியலையும், தவிர்க்கவே முடியாது. மற்ற வழிகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கும்.

## வழி 4: கணினி வெட்ட, மனிதர் திருத்த

கலிஃபோர்னியாவில் சொனோமா, மரின் கவுண்டிகளின் நுண்ணளவுத் தாவர வரைபடங்கள் இந்த வகை. உயர்தெளிவு வான்படத்தையும் லைடார் (விமானத்திலிருந்து லேசரால் உயரம் அளக்கும் முறை) தரும் உயரத் தரவையும் சேர்த்துக் கணினி நிலத்தைத் திட்டுகளாக வெட்டுகிறது. களமாதிரிகளை வைத்து இயந்திரக் கற்றல் ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு பெயரைப் பரிந்துரைக்கிறது. பிறகு தாவரம் தெரிந்தவர்கள் திருத்துகிறார்கள்.

லைடார் சேர்ந்தால் மரத்தின் உயரமும் அடுக்கும் கிடைக்கும். புதரா இளமரமா என்ற பழைய தகராறு பெரும்பாலும் தீரும். எல்லைகள் எல்லா இடத்திலும் ஒரே விதியில் விழும். மனித நேரம் கடினமான திட்டுகளுக்கு மட்டும் போகும். பணமும் லைடாரும் இருக்கும் வட்டாரத்தில் எனக்கு இதுதான் பிடித்த வழி. ஆனால் விற்பவர்கள் சொல்லும் அளவுக்குத் தானியங்கி இல்லை. திருத்தம் எப்போதும் முன்மொழிவில் போட்டதைவிட அதிக நேரம் எடுக்கும். நிழலின் விளிம்பிலும் சாலையின் விளிம்பிலும் கணினி ஆசையாக வெட்டும். தாவரம் மாறும் இடத்தில் கண்டுகொள்ளாமல் போகும். லைடார் ஓர் ஆண்டிலும் படம் வேறோர் ஆண்டிலும் எடுத்தவையாக இருந்தால், இடையில் வெட்டப்பட்ட தோப்பு வரைபடத்தில் உயரமாக நிற்கும்.

ஒப்பந்தக்காரர் இறுதி வரைபடத்தை மட்டும் கொடுத்துவிட்டு, பயிற்சி மாதிரியையும் நிரலையும் தன்னிடமே வைத்துக்கொண்டால், அடுத்த பதிப்புக்கும் அவரிடமே போக வேண்டும். மறைசெலவுகளில் ஆகப் பெரியது அதுதான்.

## ஒரே பார்வையில்

| | ஆயத்தம் | சொந்த வகைப்பாடு | கையால் வரைவது | கலப்பு |
|---|---|---|---|---|
| வகைகள் | 9–11, மாற்ற முடியாது | 10–20 வரை நம்பலாம் | பல பத்து, செடி இன அளவில் | பல பத்து |
| சிறுதிட்டு | பெயருக்கு 10 மீ., நடைமுறையில் பெரிது | சில பிக்சல்கள் | அரை ஹெக்டேரும் அதற்குக் கீழும் | கையால் வரைவதற்கு இணை |
| திட்டின் நிலை பற்றிய தகவல் | இல்லை | மிகக் குறைவு | அதிகம் | உயரமும் அடர்த்தியும் சிறப்பு, மற்றவை திருத்துபவரைப் பொறுத்து |
| புதுப்பித்தல் | எளிது, வெளியிடுபவர் கையில் | எளிது | கடினம் | நிரல் கையில் இருந்தால் நடுத்தரம் |
| எதிர்ப்பைத் தாங்குவது | பலவீனம் | சரிபார்ப்பைப் பொறுத்து | வலுவானது | வலுவானது |
| செலவு ஒளிந்திருக்கும் இடம் | உள்ளூர்ச் சரிபார்ப்பு | பயிற்சி மாதிரி, ஆள் | நில அனுமதி, நேரம் | திருத்தம், தரவின் உரிமை |

ட்ரோனை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். சில சென்டிமீட்டர் தெளிவில் அழகான படம் தரும். ஆனால் ஒரு வட்டாரத்தை முழுவதும் மூட அதனால் ஆகாது. பயிற்சி மாதிரி எடுக்கவும், போக முடியாத சதுப்பின் நடுவைப் பார்க்கவும் அது நல்ல துணைக்கருவி.

மேலிருந்து பார்க்கும் எந்த வழிக்கும் தெரியாதவையும் உண்டு. மரக்கவிகைக்குக் கீழே பரவும் அயல் புதர், வளை ஆந்தை தங்கும் நிலஅணில் வளைகள், ஒரு பட்டாம்பூச்சியின் புழு தின்னும் ஒரே ஒரு செடி. இவற்றுக்குத் தனிக் கணக்கெடுப்புதான். "புல்வெளி" என்று சரியாகக் காட்டிவிட்டதால் ஆந்தை இருக்கும் என்று கணிப்பது வரைபடத்தின் மேல் அது தாங்காத சுமையை ஏற்றுவது.

## யாருக்கு எது

கையில் ஆறு மாதம்தான் இருக்கிறது, திட்டம் இன்னும் எண்ணமாகத்தான் இருக்கிறது என்றால் வழி 1. ஆனால் அதை எடுத்தவுடன் அரிய இரண்டு மூன்று வகைகளுக்கு மட்டுமாவது வான்படத்தின் மேல் தற்செயல் புள்ளிகளைப் போட்டுச் சரிபாருங்கள். எங்கே நம்பலாம், எங்கே கூடாது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

பரப்பு பல லட்சம் ஹெக்டேர், இலக்கு உயிரினங்கள் பெரிய பாலூட்டிகளும் காட்டுப் பறவைகளும் என்றால் வழி 2 போதும். அவற்றுக்குக் காட்டின் பரப்பும் தொடர்ச்சியும் முக்கியம். செடி இன அளவுப் பெயர் அவ்வளவாகத் தேவைப்படாது.

உயிரினங்கள் குறிப்பிட்ட புதர்ச் சமூகத்தையோ, பருவக் குளத்தையோ, ஒரு வகை மண்ணையோ சார்ந்தவை என்றால் வழி 3 அல்லது 4. லைடார் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் 4. இல்லாவிட்டால், லைடாருக்குப் போகும் பணத்தில் எத்தனை மாதிரிப் பரப்புகள் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். திறந்த புதரும் புல்லும் நிறைந்த வட்டாரத்தில் மாதிரிப் பரப்பே பெரும்பாலும் ஜெயிக்கும்.

பெரும்பாலான திட்டங்களுக்கு நான் சொல்வது ஓர் அடுக்குமுறை. வட்டாரம் முழுவதற்கும் வழி 2; காப்பு நிலம் அமையக்கூடிய பகுதிகளுக்கும், கட்டடம் நெருங்கிவரும் ஓரங்களுக்கும் மட்டும் வழி 3 அல்லது 4. இரண்டுக்கும் ஒரே வகைப்பட்டியல், ஆனால் படிநிலையாக: மேலே "புதர்நிலம்", அதன் கீழே "கடலோர சேஜ்", அதன் கீழே செடி இனப்பெயர். நுண்ணிய வகைகளைக் கூட்டினால் பெரிய வகை வர வேண்டும். இந்த ஒரு ஒழுங்கு இல்லாவிட்டால் இரண்டு வரைபடமும் எல்லையில் சண்டை போடும்.

கட்டணச் சிக்கலுக்கு வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். கலிஃபோர்னியாவின் பல திட்டங்களில் கட்டடம் கட்ட வருபவர் தன் இடத்தின் நிலப்போர்வையைக் களத்தில் மறுபடி சரிபார்த்துத் தர வேண்டும். வட்டார வரைபடம் மொத்த வரவுசெலவைத் தீர்மானிக்கும். தனி மனையின் கணக்கைக் களஆய்வு தீர்மானிக்கும். இந்த விதி எழுத்தில் இருந்தால் "என் நிலத்தில் இல்லை" என்பவருக்கும் பதில் இருக்கும், வரைபடத்தின் மேல் வரும் அழுத்தமும் குறையும்.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: களமாதிரிகள் இருப்பிடத்தோடு, வகைகளின் திறவுகோல், ஒவ்வொரு பகுதிக்கும் பயன்படுத்திய படத்தின் தேதி, நிரல், ஒவ்வொரு வகைக்கும் பிழை அட்டவணை, துல்லியம் பார்த்த புள்ளிகளின் மூலப்பதிவு. கடைசியாகச் சொன்னதை வரைபடம் செய்பவரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். சரிபார்ப்புக்கான பணத்தையும் வரைபடப் பணத்திலிருந்து பிரித்து, வேறு தலைப்பில், முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். காலம் தாழ்ந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான்.